கரிசலில் காய்ந்த வள்ளம்

எட்டயபுரம் சாலையில் ஒரு வள்ளம் லாரியேறி வந்தது. கடலையே பார்த்திராத ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. சைக்கிளில் விறகுக்குப் பருத்திமார் கட்டிக்கொண்டு போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசோடு ரோட்டுக்கு வந்தார்கள். முப்பதடி நீளம். முன்மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. அலைக்குப் பதிலாக வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் அது குனிந்து நிமிர்ந்தது. லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த எனக்கு மார்பு விரிந்துகொண்டே போயிற்று. கிணற்றடி இஞ்சினும் தீப்பெட்டி ஆபீஸ் ஜெனரேட்டரும் பார்த்துக்கொண்டிருந்த கோவில்பட்டிப் பட்டறைக்குக் கடலே ரிப்பேருக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் தப்பு தொடங்கியது.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். போல்ட்டை எப்படி இறுக்குவது என்று எழுத மாட்டேன். அதை ஒரு வருஷத்தில் உங்கள் கையே கற்றுக்கொள்ளும். எப்போது இறுக்கக் கூடாது என்பதைச் சொல்கிறேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று.

ஐம்பத்து மூன்று வயதில் நான் ஒதுங்கிக்கொண்டது காதினால். டீசல் இஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே நின்ற காது பாதி போய்விட்டது. இப்போதும் உள்ளங்கையை இஞ்சின் மேல் வைத்தால் அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன். வாசலில் நின்று கூப்பிட்டால்தான் கேட்காது. அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வள்ளத்துக்கு வருமுன் ஒரு கிணறு. எனக்கு இருபத்தாறு வயது. கயத்தாறு பக்கம் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி கிணற்றில் பம்புசெட் மாட்டினேன். கரிசல் மேல் கான்கிரீட் மேடை, மேடை மேல் இஞ்சின். கோடை முழுக்க ஓடியது. ஐப்பசியில் மழை விழுந்தது. கரிசல் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் புடைத்து, மேடையைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு பக்கம் தூக்கிவிட்டது. அந்தச் சம்சாரி என்னைத் திட்டவில்லை. "மண்ணு ஒங்ககிட்ட கேக்காம எந்திரிச்சிருச்சு போல" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து கரிசலைத் தாண்டிக் கெட்டித் தரை தட்டுகிறவரை தோண்டினேன். அங்கிருந்து மேடையை எழுப்பி, போல்ட்டுகளை மூச்சுப் பிடித்து இறுக்கினேன். அப்புறம் நான் மாட்டிய எந்த இஞ்சினும் நூலளவு நகர்ந்ததில்லை. 'அவரு வச்ச இஞ்சினு அசையாது' என்று ஊர் ஊராகப் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மரியசூசை அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார்.

அவருக்குக் குளத்தூருக்குக் கிழக்கே கடற்கரை ஊர். தம்பி சவேரியும் அவரும் அந்த வள்ளத்தில் சரிபாதிப் பங்கு. உள்ளே இருந்த பழைய இஞ்சின் உப்பேறி இறுகிவிட்டது. சவேரிக்கு ஃபைபர் படகு வேண்டும். லேசானது, விரசாகப் போகும், கரையில் இழுக்க நாலு ஆள் போதும். அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் மரியசூசையின் வலது முட்டுக்குள் தகடு வைத்திருந்தார்கள். "ஃபைபர் துள்ளும். வல இழுக்கும்போது இந்த முட்டு தாங்காது. மரம் கனமா நின்னு கொடுக்கும். இந்த வள்ளம் போச்சுன்னா நான் கரையில ஒக்காந்து வல பொத்துற ஆளு" என்று என்னிடம் சொன்னார். சத்தமில்லாமல், நட்டு அளவு சொல்வது போலச் சொன்னார்.

தம்பி ஒரு கெடு வைத்திருந்தான். ஆவணி பிறக்குமுன் வள்ளம் புது இஞ்சினோடு கடலில் போய்த் திரும்ப வேண்டும். இல்லையென்றால் முதல் தேதி ரம்பக்காரர் வருவார். பலகையாக அறுத்துவிடலாம்.

"இங்கன கரையிலேயே வச்சு மாட்ட முடியாதா?" என்று, வள்ளத்தைப் பார்க்க நான் அவர் ஊருக்குப் போனபோது மரியசூசை கேட்டார்.

"பட்டறைக்குக் கொண்டாங்க அண்ணாச்சி. அங்கன லேத் இருக்கு, சங்கிலிக் கப்பி இருக்கு, மட்டமான தர இருக்கு. மணல்ல ஒக்காந்து நான் என்னத்த அளக்க?"

"ஒங்க ஊரு காத்து பொல்லாததுலா, மெக்கானிக்கு. மரம் காஞ்சிரும்."

"தார்ப்பாய் போட்டு மூடிருவோம்."

தார்ப்பாய். இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் என் காது சூடாகும்.

வள்ளம் வந்தது ஆனி முதல் வாரம். நம் ஊர் மேல்காற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட சட்டை, திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பளம். மருந்தில் முக்கி எடுத்த தீக்குச்சிகள் காய இந்தக் காற்றை நம்பித்தானே இங்கே தீப்பெட்டித் தொழிலே வந்தது. அந்தக் காற்று தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து இரவும் பகலும் வள்ளத்தை நக்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது ரெண்டு சிலிண்டர் டீசல். இஞ்சினிலிருந்து வரும் தண்டும், தண்ணீருக்குள் வள்ளத்தைத் தள்ளும் விசிறியைச் சுற்றும் தண்டும் இரண்டு வட்டத் தகடுகளாக முகத்தோடு முகம் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு; கப்ளிங். அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் மேலே, கீழே, வலம், இடம் என்று நாலு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டு உதறும், உதறி உதறிப் பின்பக்க மரத்தைத் தின்னும். பதினோரு நாள் அதில் கிடந்தேன். கடைசியில் நாலு பக்கமும் ஒரே அளவு. போல்ட்டுகளை மூச்சுப் பிடித்து இறுக்கினேன். எழுந்து நின்று ஒரு டீ சொன்னேன். என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. அதைவிடப் பிரயோஜனமில்லாத வேலையும் செய்ததில்லை.

மறுநாள் காலை வள்ளத்துக்குள் குனிந்து ஒரு குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். முழங்கையில் ஒரு வெயில் கோடு விழுந்தது. சட்டையைத் தட்டிவிட்டேன், போகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கோவில்பட்டி தெரிந்தது. ஒரு ஆட்டோ போனது. பலகைகள் சுருங்கி, இணைப்புகளெல்லாம் வாய் பிளந்திருந்தன.

வியாழக்கிழமை மரியசூசை பார்க்க வருவதாக இருந்தது. அவர் எச்சரித்ததும் நான் தார்ப்பாய் என்றதும் ஞாபகம் வந்தது. மரத்துக்கு என்ன ஆகுமென்று யோசிக்க வேண்டிய நேரத்தில், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன். அவசரத்துக்கு எங்கே ஓடினேன் தெரியுமா? ஹார்டுவேர் கடைக்கு. ரெண்டு டப்பாவில் வரும் பசை, கலந்து வைத்தால் கல்லாகிவிடும், டேங்க் ஓட்டைக்குப் போடுவோமே அது. இடது பக்கத்தில் கீழிருந்து ஆரம்பித்தேன். ஒரு இணைப்பு முடிந்தது. இரண்டாவதில் பாதி போகையில் என் வீட்டுக்காரி பேச்சியம்மா சோற்றுத் தூக்கோடு வந்து நின்றாள். காட்டு வேலை அவள் பொறுப்பு; உளுந்தும் பருத்தியும் அவள் கையில். பட்டறை வேலையில் தலையிட மாட்டாள். கேலி மட்டும் செய்வாள்.

"என்ன பண்ணுதீய?"

"பாத்தா தெரியலையா? வெடிப்ப அடைக்கேன்."

"அப்ப நம்ம காட்டுக்கும் நாலு மூட சிமெண்டு வாங்கிருவமா? அங்கனயும் கால் போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கு."

"கேலி பேசாதட்டி. நேரமில்ல."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். வெடிப்புல சிமெண்ட ஊத்தியாச்சு. மழ பெய்யுது. மண்ணு விரியணும்லா? விரிய எடம் எங்க இருக்கு? ஒங்க மேடையத் தூக்குன மாதிரி எதையாவது தூக்கும்லா?"

"அது மண்ணுடி. இது மரம்."

"மரம் என்ன மெட்ராசுலேருந்தா வந்துச்சு? மண்ணுலேருந்துதான வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போனாள்.

வீம்புக்கு இரண்டாவது இணைப்பை முடித்தேன். மூன்றாவதுக்குக் கை போகவில்லை. அதோடு நிறுத்தியது புத்தி என்றால், அடுத்துச் செய்தது அல்பத்தனம்: அடைத்த இரண்டுக்கும் மேலே பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை மரியசூசை வந்தார். வள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "காஞ்சிருச்சு, என்ன" என்றார். நம் ஊர் மில்லிலிருந்து பஞ்சு வாங்கி வரச் சொன்னார். திரித்து, மழுங்கிய உளியால் இணைப்புகளில் லேசாக, மிக லேசாக, தூங்குகிற பிள்ளையின் வாயைத் துடைப்பது போல வைத்துக்கொண்டே போனார்.

"இன்னும் கெட்டியா அடிக்கலாமே அண்ணாச்சி?"

"வேண்டாம். மிச்சத்தத் தண்ணி பாத்துக்கிடும்."

இடது பக்கம் வந்தார். பச்சைக் கோட்டில் விரலை வைத்தார். "இது மூடிக் கெடக்கே?"

"அங்கன அவ்வளவா காயல" என்றேன்.

ஒரு வேலைக்காரன் வாயில் வரக் கூடாத பொய் அது. பொருளைப் பற்றி, பொருளுக்கு உரியவரிடம் சொன்ன பொய். இஞ்சினிடம் பொய் சொல்ல முடியாது என்று மற்றவர்களுக்கெல்லாம் பிரசங்கம் பண்ணியவன் நான்.

ஆடி இருபத்தேழாம் தேதி வள்ளத்தைக் கடலில் இறக்கினோம். பத்துப் பதினைந்து பேர் கரையில். சிலர் கையில் போன். பேச்சியம்மாவும் வந்திருந்தாள், கடலில் கால் நனைக்க. வள்ளம் மிதந்தது. கை தட்டினார்கள். தட்டிய கை ஓயுமுன் உள்ளே தண்ணீர் வந்துவிட்டது. இணைப்புகள் எல்லாவற்றிலிருந்தும் பஞ்சை நனைத்துக்கொண்டு, வாய்க்கால் வாய்க்காலாக.

சவேரி சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இடது பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்த ரெண்டு கோடு மட்டும் சொட்டு ஒழுகல. மெக்கானிக்கு செஞ்ச எடம் போல. எல்லாத்தையும் இப்படியே செஞ்சிருக்கலாம்லா? எங்கண்ணன் பஞ்சு வச்ச எடந்தான் பூராவும் ஒழுகுது."

கூட்டம் தலையாட்டியது. மரியசூசை என்னைப் பார்த்தார்.

தம்பி, தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தப்புக்குத் திட்டு வாங்கினால் தாங்கிக்கொள்ளலாம். தப்புக்குப் பாராட்டு வரும்போதுதான் ஒரு ஆள் யாரென்று தெரியும். பேசாமல் இருந்தால் போதும், நான் கெட்டிக்காரன். இன்னொரு வழியும் இருந்தது. லாரியில் கிணறு இறைக்கிற பம்பு ஒன்று கிடந்தது. வள்ளத்துக்குள் அதை ஓட விட்டு, வருகிற தண்ணீரை வந்த வேகத்தில் வெளியேற்றிக்கொண்டே, இஞ்சினைக் கிளப்பி ஒரு சுற்று போய் வந்துவிடலாம். கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. போய்த் திரும்பினால் போதும் என்பதுதானே பேச்சு. ஜெயித்துவிடலாம். உள்ளங்கை அரித்தது.

அப்போது அந்தப் பச்சைக் கோட்டின் மேல் கையை வைத்தேன். கல். மேலும் கீழும் இருந்த பலகைகள் நனைந்துகொண்டிருந்தன. நனைந்த பலகை விரியும். பஞ்சு வைத்த இடத்தில் விரிந்து நெருங்கி, தானே வாயை மூடிக்கொள்ளும். கல் வைத்த இடத்தில் எங்கே போகும்? எனக்கு ஐப்பசி மழையில் தட்டு மாதிரி சாய்ந்த மேடை தெரிந்தது. கரையில் பேச்சியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சவேரி, ஒழுகுற எடம் ஒண்ணும் செய்யாது. ஒழுகாத இந்த ரெண்டுதான் வள்ளத்த ஒடைக்கப் போவுது. உள்ள கல்லுப் பசை வச்சிருக்கேன். இப்பவே தோண்டி எடுக்கணும். இஞ்சினையும் எறக்கணும். பெறகு வள்ளத்தத் தண்ணிக்குள்ள முக்கி நாலஞ்சு நாள் போடணும்."

சவேரி திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

மரியசூசை கேட்டார்: "அன்னைக்குக் கேட்டேன்லா?"

"கேட்டீய. பொய் சொன்னேன்."

அவர் குனிந்து முட்டைத் தடவிக்கொண்டார். ரொம்ப நேரம் தடவிய மாதிரி இருந்தது எனக்கு. பிறகு, "உளி கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

சவேரிதான் பேசினான். "நாலஞ்சு நாளா? ஆவணி பெறந்துருமே. சரி, முங்கிக் கெடக்கட்டும். ரம்பக்காரர் வந்தா முங்குனத எடுத்து அறுக்கட்டும்."

வள்ளத்தைக் கரைக்கு இழுத்தோம். என் பதினோரு நாள் வேலை நாலு போல்ட்டில் இருந்தது. கழற்ற ஒரு பீடி நேரம் ஆகவில்லை. கூட்டம் பார்க்கப் பார்க்க இஞ்சினைத் தூக்கி மணலில் வைத்தேன். அன்று மத்தியானம் முழுக்க உளியும் சுத்தியலுமாகப் பசையைக் கொத்தி எடுத்தோம். மேல் இணைப்பு முழுசாக வந்தது. கீழ் இணைப்பில் ஒரு முழம் மட்டும், உள்ளே பலகைகளைத் தாங்கும் விலா மரத்துக்குப் பின்னால் எட்டாத இடத்தில் நின்றுவிட்டது. கொத்திய இடத்தில் மரியசூசை பஞ்சு வைத்தார். பிறகு மணல் மூட்டைகளை அடுக்கி, ஆழமில்லாத தண்ணீரில் வள்ளத்தை மூழ்கடித்தோம். நான் வாழ்வு கொடுக்க வந்த வள்ளத்தை நானே முக்கினேன். முன்மூக்கு மட்டும் வெளியே நின்றது.

ஆவணி முதல் தேதி ரம்பக்காரர் சொன்னபடி பையோடு வந்துவிட்டார். மூழ்கிக் கிடக்கிற மரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நான் எப்ப அறுக்க?" "பொறும்" என்றான் சவேரி. அவரும் மணலில் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்தார். மத்தியானம், அங்கேயே தங்கிவிட்ட எனக்கும் பேச்சியம்மாவுக்கும் போல அவருக்கும் மரியசூசை வீட்டுச் சோறு. சாயங்காலம் தண்ணீருக்குள் ஏதோ தெறித்ததாம். என் காதில் விழவில்லை. மரியசூசை கேட்டுவிட்டார், உடனே முங்கினார். எழுந்து வந்து, "ஒரு வெலா போச்சு. அந்த ஒரு முழம் இருந்துச்சுல்ல, அங்கன" என்றார்.

அடைத்த இரண்டையும் விட்டிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கும். ஒரு முழத்துக்கு ஒரு விலா.

மறுநாள் தண்ணீரை இறைத்தோம். வள்ளம் எழுந்தது. பஞ்சு வைத்த இணைப்புகளில் நகம் நுழைய இடமில்லை. மழைக்குப் பிந்திய கரிசல் போல, வெடிப்பு இருந்த அடையாளமே இல்லாமல் மூடியிருந்தது. சவேரி உள்ளே இறங்கி வெறுங்காலால் தடவித் தடவி நடந்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ரம்பக்காரரிடம் வந்தான்.

"அண்ணாச்சி, வந்தது வந்தீய. வெலாவுக்கு ஒரு மரம் அறுத்துத் தாரீயளா?"

"அறுக்கத்தான வந்தேன்" என்றார் அவர். அன்றைக்கே அறுத்தார். விரிந்த மரத்துக்கு நடுவில் கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்து, உடைந்த விலாவுக்குப் பக்கத்திலேயே புது விலா ஏறியது.

இஞ்சினைத் திரும்ப வைத்தேன், வள்ளம் மிதக்கும்போதே. கப்ளிங்கின் இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்த்தேன். பட்டறையில் நாலு பக்கமும் ஒரே அளவாக இருந்த இடத்தில் கீழ்ப்பக்கம் என் நகம் சுளுவாக நுழைந்தது. தரையில் உட்கார்ந்த வள்ளத்துக்கு ஒரு உடம்பு, தண்ணீரில் மிதக்கிற வள்ளத்துக்கு வேறு உடம்பு. பம்பை ஓட விட்டு அன்றைக்கே ஒரு சுற்று போயிருந்தால் ஜெயித்திருப்பேன். ஒரு மாதத்தில் தண்டு பின்மரத்தைத் தின்று, நடுக்கடலில் மரியசூசையை விட்டிருக்கும்.

ரெண்டு நாள் மிதந்துகொண்டே அளந்தேன். அலை தூக்கும், காத்திருப்பேன். அலை இறக்கும், காத்திருப்பேன். நடுவில் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அதில் அளவு எடுப்பேன். அசையாத இஞ்சின் வைத்தவன் என்று பெயர் வாங்கியவன் நான். இங்கே கடல் அசைந்தது, வள்ளம் அசைந்தது, இஞ்சின் அசைந்தது, நானும் அசைந்தேன். எல்லாம் சேர்ந்து அசையும்போது அந்த இடைவெளி மட்டும் மாறாமல் நின்றது. அப்போதுதான் போல்ட்டை இறுக்கினேன். நாற்பத்தொன்பது வயதில் தொழில் கற்றுக்கொண்டவன் முகத்தில் என்ன சிரிப்பு இருக்குமோ அது இருந்திருக்கும். பேச்சியம்மா கரையிலிருந்து, "பல்லு தெரியுது, வாய மூடுங்க" என்றாள்.

சவேரி சுக்கானைத் தானே பிடித்தான். "குத்தம் கண்டுபிடிக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான். மரியசூசை முன்பக்கம் உட்கார்ந்தார். இஞ்சின் கிளம்பியது. இஞ்சின் மேல் கை வைக்க எனக்கு இடமில்லை, நான் கரையில். வள்ளம் சின்னதாகி, புள்ளியாகி, அப்புறம் அதுவும் இல்லை. அரைமணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை. வேலை முடிந்தும் ஊருக்குப் போகாத ரம்பக்காரர் அன்றைக்கும் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். உடைந்த விலாவை நினைத்தேன், பச்சைப் பெயிண்டை நினைத்தேன்.

நம் பக்கத்தில் காட்டில் நிற்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கிணற்றில் எவர் இஞ்சின் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். பேச்சியம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். எனக்கு அலைகூடச் சரியாகக் கேட்கவில்லை.

"வருது" என்றாள்.

"எங்க? ஒண்ணையும் காணமே."

"கண்ணுக்கு வரல. சத்தம் வருது. நம்ம சத்தம்."

ரொம்ப நேரம் கழித்துத்தான் புள்ளி தெரிந்தது.

சவேரி தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். என்னைத் தாண்டிப் போகையில், "குத்தம் கெடைக்கல. தேடித் தேடி ரொம்பத் தூரம் போயிட்டோம்" என்றான். ரம்பக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். நான் கையைக் கொடுத்து மரியசூசையை இறக்கலாமென்று முட்டளவுத் தண்ணீரில் போய் நின்றேன். அவர் இறங்கவில்லை. என் கையைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் கரையைப் பார்த்துத் தம்பிக்குக் குரல் கொடுத்தார். அது எனக்கே கேட்டது.

"ஏலே, எங்க போற? வலைய எடுத்துப் போடுல."